கூட்டம் வேறு, நெரிசல் வேறு

தமிழில் 'கூட்டம்' என்னும் சொல் இரு பொருள் தரும். நம் மன்றத்தில் கூடிப் பேசுவதும் கூட்டம். புரட்டாசிச் சனிக்கிழமை திருப்பதிப் புகைவண்டி நிலையத்தில் கூடுவதும் கூட்டம். 'நெரிசல்' அப்படிப்பட்ட சொல்லன்று. நெரி என்னும் வினையடியாகப் பிறந்த அச்சொல்லில் கழுத்தை நெரிப்பதும் அடங்கியிருக்கிறது. செய்தித்தாள்கள் இரண்டையும் சேர்த்துக் 'கூட்ட நெரிசல்' என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகின்றன. அதனால், கூட்டம் மிகுந்தால் நெரிசல் தானே வந்துவிடும் என்னும் எண்ணம் நம் மனத்தில் வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணம் பிழையானது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

திருப்பதியில் பயிலும் தமிழ் மாணவர்களாகிய நமக்கு இஃது ஏட்டளவில் நின்றுவிடும் செய்தியன்று. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நம்மில் ஒரு சாரார் சப்தகிரி விரைவு வண்டியில் ரேணிகுண்டா, புத்தூர், திருத்தணி வழியாகச் சென்னை சென்ட்ரலுக்குப் போகிறோம்; மற்றொரு சாரார் பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடிக்குப் போகிறோம். (புகை போய் நெடுங்காலம் ஆயிற்று, புகைவண்டி என்னும் பெயரை விட மட்டும் நமக்கு மனம் வரவில்லை.) சென்னையில் இறங்கியவர்கள் நிலத்துக்கு அடியிலே சென்று மெட்ரோ ரயிலில் ஏறுகின்றனர். நடைமேடை, படிக்கட்டு, மேம்பாலம், வாயில் என்று ஆண்டு முழுவதும் கூட்டத்தோடு நடந்து பழகியவர்கள் நாம்.

2025ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 8ஆம் நாள் இரவு நம் ஊரில் நடந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய தரிசனத்துக்கு மறுநாள் விடியற்காலையில் இலவசச் சீட்டு வழங்குவதாக இருந்தனர். நகரின் பல இடங்களிலும் முதல் நாள் மாலையே மக்கள் கூடிவிட்டனர். பைராகிப்பட்டேடாவில் பள்ளிக்கூடத்தை அடுத்த பத்மாவதி பூங்காவுக்குள் ஒரு பெருங்கூட்டத்தை இருத்திக் கதவை அடைத்திருந்தனர். உடல்நலம் குன்றிய ஒரு பெண்ணை வெளியே கொண்டுவருவதற்காகக் கதவு திறக்கப்பட்டது என்றும், சீட்டு கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எண்ணி மக்கள் முன்னே பாய்ந்தனர் என்றும் அப்போது கூறப்பட்டது. அன்றிரவு திருப்பதியில் ஆறு பேர் உயிரிழந்தனர்; நாற்பது பேரளவில் காயமுற்றனர். மாண்டவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவரும் உண்டு.

மறுநாள் தேநீர்க் கடையிலும் விடுதியிலும் எங்கும் கேட்ட விளக்கம் ஒன்றே: 'நம் மக்களுக்கு ஒழுங்கு இல்லை.' படித்தவர்களும் இதையே சொன்னார்கள். சொல்வதற்கு எளிய காரணம்; யாரையும் பொறுப்பாளியாக்காத காரணம். அது உண்மைதானா என்று நாம் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

சப்தகிரி வண்டியின் முன்பதிவில்லாப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். வண்டி முழுவதும் நிற்பதற்கு முன்பே சன்னல் வழியாகத் துண்டு பறக்கிறது. துண்டு விழுந்த இருக்கை துண்டுக்காரருக்கு உரியது. எழுதாத சட்டமாயினும் அதைப் பெரும்பாலும் எல்லாரும் மதிக்கிறார்கள். ஒழுங்கற்ற மக்களிடையே இப்படியொரு சட்டம் நிலைத்திருக்குமோ! வாயிலிலோ இறங்குபவர் இறங்குமுன் ஏறுபவர் ஏறுகின்றனர். அதே மனிதர் நான்கு மணி நேரத்துக்குள் சென்னை சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தில் நிற்பதைக் காணலாம். இறங்குவோர்க்கு நடுவில் வழிவிட்டு இருமருங்கும் நிற்கும்படி தரையில் கோடு போட்டிருக்கிறார்கள், அக்கோட்டின்படி நிற்கிறார். துண்டு தோளிலேயே கிடக்கிறது. இடையில் அவருக்கு ஒழுக்கப் பாடம் நடத்தியவர் எவருமில்லை. மாறியது அவரன்று, இடம். இந்த வண்டி போனால் சில நிமிடத்தில் அடுத்த வண்டி வரும் என்பது மெட்ரோவில் அவருக்கு உறுதியாகத் தெரிகிறது. சப்தகிரியை விட்டால் என்ன ஆகும் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

இதன் மறுபக்கத்தையும் சென்னை காட்டியிருக்கிறது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் மெரினாக் கடற்கரையில் வானூர்தி வேடிக்கை காண இலட்சக்கணக்கானோர் திரண்டனர். வெயிலின் கொடுமையால் ஐவர் மாண்டது ஒரு துயரம். பறக்கும் ரயில் நிலையங்களில், குறிப்பாக வேளச்சேரியிலும் சேப்பாக்கத்திலும், நடைமேடை விளிம்புவரை மக்கள் நெருங்கி நின்ற காட்சி மற்றொன்று. நாள்தோறும் மெட்ரோவில் வரிசையில் நிற்கும் அதே நகரத்து மக்கள்தாம் அவர்கள். வண்டிகள் போதவில்லை, அடுத்தது எப்போது வரும், அதில் இடமிருக்குமா என்பது தெரியவில்லை, அவ்வளவே.

மக்களின் இயல்பு நாட்டுக்கு நாடு வேறுபடாதா என்று கேட்கலாம். வேறுபடுகிறது; அதையும் அளந்திருக்கிறார்கள். ஒற்றை வரிசையில் ஒருவர்பின் ஒருவராக மக்களை நடக்கவிட்டு, இடைவெளிக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை நம் நாட்டிலும் ஜெர்மனியிலும் அளந்து, 2009இல் வெளியிட்டனர். தடையின்றித் தனியே நடக்கும்போது இரு நாட்டினர் வேகமும் ஏறக்குறைய ஒன்றே. நெருக்கம் மிகும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. அசையாது நின்றுவிடும் நிலையில் ஜெர்மானியருக்கு ஆளுக்கு 36 சென்டிமீட்டர் தேவைப்பட, நம்மவருக்கு 22 சென்டிமீட்டர் போதுமானதாக இருந்தது. அவர்கள் தயங்கி நிற்கும் நெருக்கத்திலும் நாம் நகர்ந்துகொண்டே இருக்கிறோம். இதை ஒழுங்கின்மை என்பதா, திறமை என்பதா? பழக்கம் என்பதே பொருந்தும் என்பேன். ஆனால் இப்பழக்கத்தில் ஓர் இடர் உண்டு. முன்னிருப்பவர் முதுகு நம் மார்பில் படுவது நமக்கு ஓர் எச்சரிக்கையாகத் தோன்றுவதில்லை. தோன்றும்போது காலம் கடந்துவிடுகிறது.

ஏனெனில் மார்புக்கூடு எந்நாட்டவர்க்கும் ஒன்றுதான். நெரிசலில் இறப்பவர்கள் மிதிபட்டே இறக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலோர் மூச்சடைத்து இறக்கின்றனர். சிலர் நின்றபடியே இறக்கின்றனர். மூச்சை உள்ளே இழுக்க மார்பு விரிய வேண்டும். நாற்புறமும் அழுத்தம் இருக்கும்போது அது விரிவதில்லை. அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் இதுபற்றி ஆழ்ந்து எழுதியவர். ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் என்னும் அளவை நெருங்கும்போது கூட்டம் தனி மனிதர்களின் தொகுதியாக இராமல் நீர்மப் பொருளைப் போல ஆகிவிடுகிறது என்பது அவர் கருத்து. அலை எழுந்து பரவும். மனிதர் கால் தரையில் பாவாமலே பல அடி தூரம் கொண்டுசெல்லப்படுவர். அந்நிலையில் 'தள்ளாதீர்கள்' என்று கூவுவது, வெள்ளத்தைப் பார்த்து 'ஓடாதே' என்பது போன்றது. அங்கே தள்ளுபவர் என்று தனியாக எவருமில்லை.

ஃப்ரூயின் 1971இல் வெளியிட்ட நூலில், நடப்போரின் வசதியை ஏ முதல் எஃப் வரை ஆறு படிகளாக வகுத்தார். நடைபாதையில் ஆளுக்கு 35 சதுர அடிக்கு மேல் கிடைத்தால் முதற்படி. ஒருவர் தாம் விரும்பும் வேகத்தில் விரும்பும் திசையில் நடக்கலாம். 5 சதுர அடிக்குக் குறைந்தால் கடைசிப்படி; கால் தேய்த்து நகரலாம், அவ்வளவுதான். வசதி என்பது நாற்காலியும் குளிர்காற்றும் மட்டுமன்று; நம் நடையை நாமே தீர்மானிக்க முடிவதும் வசதிதான் என்று அவர் கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி ஒரு சிறு கணக்கு. இலண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் பயணிகள் செல்லும் அளவைப் பற்றி ஹாங்கின், ரைட் என்னும் இருவர் 1958இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். சமதளப் பாதையில் ஓரடி அகலத்துக்கு நிமிடத்துக்கு 27 பேர் செல்லலாம். படி இறங்கும்போது 21 பேர். ஏறும்போது 19 பேர். இவை அவர்கள் கண்ட உச்ச அளவுகள். ஆறடி அகலமுள்ள ஒரு படிக்கட்டை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 114 பேர் ஏறலாம். ஒரு வண்டியிலிருந்து 900 பேர் இறங்கி அந்தப் படியை நாடினால், எல்லாரும் ஏறி முடிய எட்டு நிமிடம் ஆகும். எதிரே மற்றொரு வண்டிக்காக இறங்குவோர் பாதி அகலத்தைப் பிடித்துக்கொண்டால் பதினாறு நிமிடம். இலண்டன் மக்களோ அலுவலகம் செல்பவர்கள். கையில் ஒரு பை, அல்லது குடை. நம் நிலையத்தில் இறங்குபவர் தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, கையைப் பிடித்தபடி பாட்டி. திரும்பும்போது லட்டுப் பையும் சேர்ந்துகொள்ளும். குடும்பம் முழுவதும் கைகோத்தே நடக்கும். கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிடும் என்னும் அச்சம் அவர்களுக்கு. பின்னால் வருபவருக்கு வழியே இல்லை.

குழுவாக நடப்பது நம்மூர் வழக்கம் மட்டுமன்று. பிரான்சு நாட்டின் துலூஸ் நகரத் தெருக்களில் நடந்தவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள், பெரும்பாலோர் குழுக்களாகவே செல்கின்றனர் என்று 2010இல் எழுதினர். மூவர் செல்லும்போது நடுவில் இருப்பவர் சற்றே பின்தங்குகிறார்; ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச அதுவே ஏற்ற அமைப்பு. அடுத்த முறை விடுதியிலிருந்து மூவராக நடக்கும்போது கவனியுங்கள்.

படியின் அளவு இவ்வளவு என்றால், எட்டு நிமிடத்துக்குள் அடுத்த வண்டி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அல்லது வேறொரு படி வேண்டும். மெட்ரோ நிலையம் கட்டுபவர்கள் இக்கணக்கைப் போட்டே தொடங்குகின்றனர். சென்னை மெட்ரோவின் நான்கு பெட்டி வண்டி ஒன்று 1,276 பேரைக் கொள்ளும். சில நிமிடத்துக்கு ஒன்றாக அவ்வண்டிகள் வரும்போது, முன்வண்டியில் வந்தவர்கள் வெளியேறுமுன் பின்வண்டி வந்தால் நடைமேடை நிரம்பிவிடும். அதனால்தான் அங்கே நகரும் படிகள் அத்தனை. அகலமான வாயில்கள் அத்தனை. சுரங்க நிலையங்களில் தண்டவாளத்தை மறைத்துக் கண்ணாடிக் கதவுகள்.

நகரும் படியைப் பற்றிய ஒரு செய்தியை விட்டுவிட மனமில்லை. வலப்புறம் நிற்பதும் இடப்புறத்தை நடப்பவர்க்கு விடுவதும் இலண்டனில் நெடுநாள் மரபு. ஹோல்பர்ன் என்னும் ஆழமான நிலையத்தில் 2015இன் இறுதியில் மூன்று வாரம் அம்மரபை மாற்றி, இருபுறமும் நிற்கச் செய்து பார்த்தனர். கால் பங்குக்கு மேல் கூடுதலான மக்கள் அதே படியில் மேலே சென்றனர். நெடும்படியில் நடந்து ஏறுபவர் சிலரே. அவர்களுக்காகப் பாதிப் படி வெறுமையாகக் கிடந்தது. அவசரக்காரர் சிலரைத் தவிர எல்லாருக்கும் ஆதாயம். ஆயினும் மக்கள் முணுமுணுத்தார்களாம்!

அளவு ஒரு பாதி. செய்தி மற்றொரு பாதி. கூட்டத்தின் பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. முன்னே ஒருவர் விழுந்து கிடக்கிறார். பின்னே உள்ளவருக்குத் தெரிவது தமக்கு முன் சிறிது இடம் உண்டாயிற்று என்பது மட்டுமே. அவர் ஓர் அடி வைக்கிறார். அவரிடத்தில் யார் இருந்தாலும் வைப்பர். ஆயிரம் பேர் வைத்த அந்த ஓரடி, முன்னிருப்பவர் மேல் ஒரு மலையாக விழுகிறது.

1943ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் இரவு இலண்டனின் பெத்னல் கிரீன் சுரங்க நிலையத்தில் நிகழ்ந்தது இதுவே. போர்க்காலம், நிலையம் குண்டுவீச்சுப் புகலிடமாகப் பயன்பட்டது. அபாயச் சங்கு ஒலித்து மக்கள் இறங்கிக்கொண்டிருந்தனர். அருகில் புதுவகை எதிர்ப்பு வெடிகளின் ஓசை கேட்கவே விரைந்தனர். ஒரே வாயில், மங்கிய ஒளி, நடுவில் கைப்பிடி இல்லாத படிக்கட்டு. அடியில் ஒருவர் தடுமாறி விழ, மேலிருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. 173 பேர் மாண்டனர். அன்று அங்கே குண்டு ஒன்றும் விழவில்லை. வரிசைக்கும் ஒழுங்குக்கும் பெயர்பெற்ற ஆங்கிலேயர்கள் அவர்கள் என்பதை, 'நம் மக்கள்' என்று தொடங்குவோர் நினைவில் வைத்தல் நலம்.

மும்பையில் 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் காலை எல்பின்ஸ்டன் சாலை நிலையத்தின் குறுகிய மேம்பாலத்தில் 23 பேர் மாண்டதும் ஏறத்தாழ இத்தகையதே. திடீர் மழை, கீழே இறங்கினால் நனைய வேண்டும் என்று மக்கள் படியிலேயே ஒதுங்கி நின்றனர். வண்டிகளோ வந்தவண்ணம் இருந்தன. ஒவ்வொன்றும் பாலத்தின் மேல் இன்னும் சில நூறு பேரை ஏற்றியது. மேலே என்ன நிலை என்று கீழே அறிவிப்பார் இல்லை. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் இரவு புதுதில்லி நிலையத்தில் கும்பமேளாவுக்குப் புறப்பட்டவர்களில் 18 பேர் மாண்டனர். அங்கும் 14, 15ஆம் நடைமேடைகளுக்குச் செல்லும் படிக்கட்டுதான் களம். பிரயாகராஜ் என்னும் பெயர் தாங்கிய இரு வண்டிகளைப் பற்றிய அறிவிப்பில் மக்கள் மயங்கினர் என்று போலீசார் முதலில் கூறினர். பின்னர் ரயில்வே அமைச்சர், தலைச்சுமை ஒன்று படியில் விழுந்ததைக் காரணமாகக் கூறினார். எதுவாயினும், ஒரு மூட்டை விழுந்தால் 18 உயிர் போகும் அளவுக்கு அப்படி முன்பே நிரம்பியிருந்தது.

அதற்குப் பின்னர் ரயில்வே துறை, பெருங்கூட்டம் கூடும் 73 நிலையங்களுக்கு வெளியே நிலையான காத்திருப்பு இடங்கள் அமைப்பதென 2025 மார்ச்சில் முடிவு செய்தது. வண்டி வந்த பின்னரே அவ்வண்டிக்குரியவர்களை உள்ளே விடுவது என்பது திட்டம். செய்தித்தாளில் இதைப் படித்தபோது நம் ஊர்க்காரர்கள் சிரித்திருக்கலாம். திருமலை இதைப் பல்லாண்டுகளாகச் செய்து வருகிறது! நாளொன்றுக்கு அறுபது, எழுபதாயிரம் பேரை ஒரு சிறு வாயில் வழியாக அனுப்ப வேண்டும். அதற்காக வைகுண்டம் வரிசை மண்டபத்தில் வருபவர்களை அறை அறையாக அமர்த்துகின்றனர். 'கம்பார்ட்மெண்ட்' என்றே எல்லாரும் சொல்லும் அவ்வறைகளில் உட்கார இடமும் உணவும் பாலும் கிடைக்கின்றன. ஓர் அறை திறந்து அதிலுள்ளோர் நகர்ந்த பின்னரே அடுத்தது திறக்கும். ஏரி நிறைய நீர் இருக்கலாம். மதகின் வழியாக வரும்வரை வயலுக்கு நன்மைதான். சித்தூர் மாவட்டத்து ஏரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியாயின், பூங்காவில் மக்களை இருத்தியதும் அதே முறைதானே, அங்கே மட்டும் ஏன் பிழைத்தது? கேட்க வேண்டிய கேள்வி. மலை மேலுள்ள அறையில் இருப்பவருக்குத் தம் முறை வரும் என்பது உறுதி. முன்னே செல்வதால் சிறிது நேரம் மிச்சமாகலாம், தரிசனம் தவறாது. பூங்காவில் இருந்தவருக்குச் சீட்டு கிடைக்குமா கிடைக்காதா என்பதே தெரியாது. எண்ணிக்கை அளவானது, வெளியே வேறு கூட்டம், கதவு திறந்தால் அது எதற்காக என்று சொல்லும் குரல் எல்லார் காதிலும் விழவில்லை. கொள்ளளவு தெரியாத ஏரி, அளவு குறிக்காத மதகு. ஒரே நொடியில் திறந்தால் அது மதகன்று, உடைப்பு. மேலும், அகன்ற இடத்திலிருந்து குறுகிய வாயிலை நோக்கி எல்லாரும் ஒருங்கே நெருங்கினால் வேகம் கூடுவதற்குப் பதில் குறையும். குதிரின் அடிவாயில் தானியம் அடைத்துக்கொண்டு வளைவாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குச்சியால் குத்தினால்தான் விழும். வாயிலில் மனிதர்களும் அப்படியே வளைவாக அடைத்துக்கொள்வர் என்பதையும், விரையுந்தோறும் தாமதம் மிகும் என்பதையும் ஹெல்பிங் முதலிய மூவர் 2000ஆம் ஆண்டில் கணித வாயிலாகக் காட்டினர்.

நம் மன்றத்தார் செய்யத்தக்க ஒரு வேலை இருக்கிறது. பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஓர் அளவுநாடா, ஒரு கடிகாரம், ஒரு குறிப்பேடு, மூன்று பேர். திருப்பதி நிலையத்து மேம்பாலப் படிகளின் அகலத்தை, கைப்பிடிக்குக் கைப்பிடி, கூட்டமில்லாத நேரத்தில் அளக்கலாம். பிறகு சாதாரண நாள் ஒன்றிலும் புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றிலும் வண்டி வந்து நின்றதிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை பேர் ஏறினர், எத்தனை பேர் இறங்கினர் என்று எண்ணலாம். ஒருவர் ஏறுவோரையும் மற்றொருவர் இறங்குவோரையும் எண்ணட்டும். மூன்றாமவர் நேரம் குறித்துக்கொண்டு, தலைச்சுமையோடு வருபவர்களையும் கைக்குழந்தையோடு வருபவர்களையும் தனியே எழுதட்டும். இலண்டனின் 19 என்னும் எண் நம் மூட்டைகளுக்கு எத்தனையாகக் குறைகிறது என்பது அப்போது தெரியும். சித்தூர் நண்பர்கள் தம் நிலையத்திலும் இதைச் செய்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். அங்கே படியைவிடப் பெட்டியின் வாயிலையே எண்ண வேண்டியிருக்கும். முன்கூட்டியே நிலைய அதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுதல் அவசியம். எண்ணுபவர் எவரும் படியின் மேல் நிற்க வேண்டாம். கீழே சுவரோரம் ஒதுங்கி நிற்கட்டும். ஓர் ஆள் படியில் நின்றாலும் இரண்டடி அகலம் போய்விடும், கணக்கும் கெட்டுவிடும்.